பென்டியம் எம் மடிக்கணினியைத் தூக்கிப்போடும் முன்: பிஏஇ பிழையைச் சரிசெய்வது எப்படி?

பென்டியம் எம் செயலி உள்ள பழைய திங்க்பேட் டி42-வில் 32 பிட் லுபுண்டு 18.04 (லினக்ஸ் இயங்குதளம்) பென்டிரைவைச் செருகுகிறீர்கள். மெனு வருகிறது. என்டர் தட்டியதும் கருப்புத் திரையில் ஓரிரு வரிகள்: இந்தக் கர்னலுக்கு (இயங்குதளத்தின் மையப் பகுதி) தேவையான பிஏஇ வசதி இந்த சிபியுவில் இல்லையாம். அத்தோடு நின்றுவிடும். "பிராசசர் பழசு, இனி ஆகாது" என்று நல்ல மடிக்கணினியைக் காயலான் கடைக்கு அனுப்புவது இந்த இடத்தில்தான். அவசரப்படாதீர்கள், அந்த வரி சொல்வது உண்மையில்லை.

பிஏஇ என்பது 1995-இல் பென்டியம் புரோவோடு வந்த முகவரி முறை. 32 பிட் செயலி 4 ஜிபியைத் தாண்டி 64 ஜிபி வரை நினைவகத்தைத் தொட அது வழிசெய்தது. 2003-இல் வந்த பேனியாஸ், 2004-இல் வந்த டோதன் ஆகிய பென்டியம் எம் சில்லுகளில், 400 மெகாஹெர்ட்ஸ் பஸ் கொண்டவற்றுக்குள்ளும் இதற்கான மின்சுற்று இருக்கிறது, வேலையும் செய்கிறது. ஆனால் 'உன்னிடம் என்னென்ன வசதி உண்டு?' என்று சிபியூஐடி கட்டளை மூலம் கேட்டால், பிஏஇ-க்கான பிட் மட்டும் பூஜ்யமாக வருகிறது. வீட்டில் ஆள் இருந்தும் ரேஷன் அட்டையில் பெயர் இல்லாத நிலைமை. கர்னல் அட்டையைத்தான் நம்பும்.

உபுண்டு 12.10-இலிருந்து பிஏஇ இல்லாத கர்னலே கைவிடப்பட்டதால் இந்த மடிக்கணினிகள் வெளியே நின்றன. 2014-இல் லினக்ஸ் 3.15 கர்னலில் இதற்கென்றே ஃபோர்ஸ்பிஏஇ என்ற அளவுரு சேர்ந்தது. திரையை நிதானமாகப் படியுங்கள். பிழையோடு ஃபோர்ஸ்பிஏஇ என்ற சொல்லையும் கர்னல் காட்டினால், உங்கள் சில்லை அது அடையாளம் கண்டுகொண்டது என்று பொருள். குடும்ப எண் 6, மாடல் எண் 9 அல்லது 13 என்றால் மட்டுமே அது இந்த யோசனையைச் சொல்லும்.

பென்டிரைவின் மெனுவில் முதல் வரியைத் தேர்ந்து எஃப் 6 விசையை அழுத்தி, பிறகு எஸ்கேப் தட்டுங்கள். கீழே தோன்றும் பூட் ஆப்ஷன்ஸ் வரியின் கடைசியில் மூன்று சிறு கோடுகள் தெரியும். அந்தக் கோடுகளுக்கு முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை, ஆக இரண்டு இடத்திலும் ஃபோர்ஸ்பிஏஇ (forcepae) என்று தட்டச்சிடுங்கள். ஆங்கிலத்தில், எல்லாம் சிறிய எழுத்து, நடுவில் இடைவெளி கூடாது, கோடுகளிலிருந்து ஓர் இடைவெளி தள்ளி. பிறகு என்டர்.

அதிகம் பேர் சறுக்குவது இந்த இரண்டாவது இடத்தில்தான். கோடுகளுக்கு முன்னால் இருப்பது கணினி இப்போது தொடங்குவதற்கு மட்டும். பின்னால் இருப்பதுதான் நிறுவிய பிறகு வன்தட்டின் க்ரப்புக்கு (இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கும் நிரல்) போகிறது. அதை விட்டுவிட்டால் முழுதாக நிறுவி முடித்து, ரீஸ்டார்ட் செய்ததும் அதே கருப்புத் திரை வரும். மறுபடி நிறுவ வேண்டாம். க்ரப் மெனுவில் 'இ' விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஒருமுறை கையால் சேர்த்து, எஃப் 10 தட்டி உள்ளே போய், க்ரப்பின் டீஃபால்ட் கோப்பில் (/etc/default/grub) லினக்ஸ் கட்டளை வரிக்கான மேற்கோள்குறிக்குள் அந்தச் சொல்லை எழுதி, அப்டேட்-க்ரப் கட்டளையை ஓட்டினால் போதும்.

வேலை செய்கிறதா என்று பார்க்க, கர்னல் பதிவில் பிஏஇ வலிந்து இயக்கப்பட்டது என்ற வரியைத் தேடுங்கள். கர்னல் தன்னைக் 'கறைபட்டது' என்றும் குறித்துக்கொள்ளும். அந்தக் குறியீட்டு எண் 4. இன்டெல் உறுதி தராத வசதியை உங்கள் பொறுப்பில் இயக்குகிறீர்கள் என்பதுதான் அதன் பொருள், ஏதும் கெட்டுப்போகவில்லை. ஆனாலும் முக்கியமான கோப்புகளை முதலில் வேறு தட்டில் எடுத்துவையுங்கள்.

எல்லாப் பிழைக்கும் இது மருந்தல்ல. 'எக்ஸ்86-64 சிபியு தேவை' என்று வந்தால் நீங்கள் எடுத்தது 64 பிட் ஐஎஸ்ஓ. பென்டியம் எம்மில் அது ஓடவே ஓடாது. விண்டோஸ் 8 காட்டும் 5டி என்ற நிறுத்தக் குறியீடு வேறு கதை. அது என்எக்ஸ் (நினைவகத்தின் தரவுப் பகுதியில் நிரல் ஓடாமல் தடுப்பது) வசதியையும் கேட்கிறது; பேனியாஸில் அது உண்மையிலேயே இல்லை. என்எக்ஸ் உள்ள புதிய சில்லிலும் அதே குறியீடு வந்தால், பயாஸில் 'எக்ஸிக்யூட் டிஸேபிள்' (என்எக்ஸ்-க்கு இன்டெல் வைத்த பெயர்) அணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

லுபுண்டு 18.04-க்கு ஆதரவு 2021-இலேயே முடிந்துவிட்டது. அதனால் இணையத்தோடு இணைத்துப் பயன்படுத்த டெபியன் 12-ஐத்தான் பரிந்துரைப்பேன்: அதில் பிஏஇ கேட்காத 686 கர்னல் இருக்கிறது, ஃபோர்ஸ்பிஏஇ தேவையே இல்லை. டெபியன் 13-இல் 32 பிட் கர்னலும் நிறுவியும் எடுக்கப்பட்டுவிட்டன. 'அப்கிரேடு' என்று கேட்டால் இந்த மடிக்கணினியில் சம்மதிக்காதீர்கள்.