வேலிடேஷன்: சரிபார்ப்பா, செல்லுபடியா?

யாமல் (YAML) என்பது நிரல்களுக்கான அமைப்பு விவரங்களை எழுதிவைக்கும் ஓர் எழுத்து வடிவம். அந்த யாமல் கோப்பு எழுதுகிறவர்கள் வாயில் எந்நேரமும் புழங்கும் சொல் வேலிடேஷன். "வேலிடேட் பண்ணியாச்சா?" என்று கேட்டால், டேப் எதுவும் இல்லை, இன்டென்டேஷன் (வரித் தொடக்கத்தில் விடும் இடைவெளி) ஒழுங்காக இருக்கிறது என்ற பொருளில் ஒருவர் ஆமாம் என்பார். ஸ்கீமாவோடு, அதாவது கோப்பில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்லும் விதிப் பட்டியலோடு, ஒப்பிட்டாயிற்று என்ற பொருளில் இன்னொருவர் ஆமாம் என்பார். இரண்டும் வெவ்வேறு வேலை. தமிழில் இரண்டையுமே 'சரிபார்ப்பு' என்று எழுதிவிடுகிறோம்.

ஒரு சின்னக் கோப்பைப் பார்ப்போம்.

பெயர்: அஞ்சல்
பதிப்பு: 3.10
போட்: 8080

யாமலைப் படித்துப் பிரிக்கும் நிரலான பார்சர் இதில் ஒரு குறையும் சொல்லாது. முக்காற்புள்ளிக்குப் பின் இடைவெளி இருக்கிறது, வரிகள் ஒரே ஓரத்தில் தொடங்குகின்றன, அதற்கு அது போதும். ஆனால் கோப்பைப் பயன்படுத்தும் நிரல் எதிர்பார்ப்பது 'போர்ட்' (சேவையை அடையும் வாயில் எண்), நாம் எழுதியிருப்பது 'போட்'. மேற்கோள் குறி போடாததால் பதிப்பும் எண்ணாகிவிடும், எண்ணில் 3.10 என்றாலும் 3.1 என்றாலும் ஒன்றுதான், பதிப்பாகவோ இரண்டும் வேறு. இந்த 3.10-இல் நானே ஒரு பிற்பகலைத் தொலைத்திருக்கிறேன். யாமலின் பழைய 1.1 பதிப்பின் விதிப்படி படிக்கும் நிரல் நூலகங்களில் (ஆயத்த நிரல் தொகுப்புகளில்) 22:22 என்று எழுதினால் அறுபதடிமான எண்ணாக (22 × 60 + 22) எடுத்துக்கொண்டு 1342 ஆக்கிவிடும். 2009-இல் வந்த 1.2 இந்த வழக்கத்தை விட்டுவிட்டது. நூலகங்கள் பல இன்னும் விடவில்லை.

ஆக, எழுத்து முறை பிழையில்லாமல் இருப்பது ஒன்று, உள்ளடக்கம் ஏற்கப்படுவது வேறொன்று. யாமலைப் போலவே தரவை எழுத உதவும் இன்னொரு வடிவமான எக்ஸ்எம்எல்லின் 1998-இல் வெளியான 1.0 விதிமுறை இந்த இரண்டுக்கும் தனித்தனிப் பெயரே வைத்தது. இலக்கணம் பிசகாத ஆவணத்துக்கு 'வெல்ஃபார்ம்ட்', அதற்கு மேல் தன் கட்டமைப்பு விதிக்கும் உட்பட்ட ஆவணத்துக்கு 'வேலிட்'. வேலிடேஷன் என்ற பெயருக்கு உரியது இரண்டாவது வேலைதான்.

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. 'வலேரே' என்றால் வலுவாயிருத்தல், 'வலிதுஸ்' என்றால் வலுவுள்ளது. (தமிழ் 'வலி'யோடு ஒலி ஒத்துப்போகிறதே என்று உடனே உறவு கொண்டாட வேண்டாம்.) வேல்யூ, வேதியியலில் வரும் வேலன்சி, ஏன், வேலன்டைன் என்ற பெயர்கூட அதே வேரில் பிறந்தவைதான். வேலன்சியை நாம் 'இணைதிறன்' என்று வைத்துக்கொண்டோம். அந்தத் 'திறன்' வேருக்கு வெகு பொருத்தம். ஆங்கிலத்தில் வேலிட் என்பது 16ஆம் நூற்றாண்டில் சட்டச் சொல்லாக நுழைந்தது. சட்டத்தின் முன் வலு உள்ள பத்திரம் வேலிட். கணினிக்கு வந்தது அப்புறம்தான்.

அந்தப் பத்திரத்தைத் தமிழில் என்ன சொல்வோம்? செல்லும், செல்லாது. செல்லாக்காசு, செல்லாத ஓட்டு, "அவர் பேச்சு அங்கே செல்லாது" என்று எத்தனையோ இடத்தில் இதே வினை. செல்வாக்கு என்பதே செல்லும் வாக்கு. லத்தீன்காரர் வலுவைப் பார்த்தார், நாம் நடமாட்டத்தைப் பார்த்தோம். யாமலுக்கு நம் பார்வையே பொருந்துகிறது. காரணம், 'செல்லும்' என்றதும் 'எங்கே?' என்ற கேள்வி கூடவே வரும். ஒரு நாட்டுக் காசு அடுத்த நாட்டில் செல்லாது. டாக்கர் கம்போஸ், குபர்னெட்டிஸ் இரண்டும் யாமல் கோப்பைப் படித்து நிரல்களை இயக்கும் கருவிகள்; முன்னதற்கு எழுதிய கோப்பு பின்னதில் செல்லாது. இரண்டு இடத்திலும் அது இலக்கணம் பிசகாத யாமல்தான், மாறுவது ஸ்கீமா. 'சரி' என்ற சொல்லில் இந்த இடச்சார்பு இல்லை. போதாக்குறைக்கு, மின்னஞ்சல் முகவரி உங்களுடையதுதானா என்று பார்க்கும் வெரிஃபிகேஷனையும் 'சரிபார்ப்பு' ஏற்கெனவே தன் பெயரில் எழுதிக்கொண்டுவிட்டது.

'செல்லுபடியாக்கல்' என்றும் சிலர் எழுதுகிறார்கள். அது செல்லாததைச் செல்ல வைப்பது. வேலிடேட்டர் அப்படி எதையும் செய்வதில்லை, பார்த்துச் சொல்வதோடு சரி. அதனால் என் தேர்வு 'செல்லுபடிச் சோதனை'. வினையாக வரும்போது 'செல்லுமா என்று பார்', பிழைச் செய்தியில் 'இந்தக் கோப்பு இங்கே செல்லாது'. முதல் வேலைக்கு 'இலக்கணச் சோதனை' போதும். லின்ட் என்பது துணியில் ஒட்டும் பஞ்சுத் துகள்; நிரலில் சின்னச் சின்னப் பிசகுகளைப் பொறுக்கும், 1978-இல் பெல் ஆய்வகத்தில் பிறந்த ஒரு கருவிக்கு அந்தப் பெயர் வைத்தார்கள். ஆகவே யாமலுக்கு அதே வேலையைச் செய்யும் யாமல்லின்ட் கருவி செய்வதைத் 'துகள் பொறுக்கல்' என்றாலும் தப்பில்லை.

யாமல் என்ற பெயருக்கு மட்டும் மொழிபெயர்ப்பு தேடாதீர்கள். 2001-இல் 'இன்னுமொரு மார்க்கப் மொழி' என்று கேலியாகத் தொடங்கி, பிறகு 'யாமல் மார்க்கப் மொழி அல்ல' என்று தனக்குள்ளேயே சுற்றும் விரிவாக்கமாக மாறியது அது. தமிழில் எழுதினால் தெரியாமல், புரியாமல் என்பவற்றின் வால் போலவே இருக்கிறது. பெயரின் விரிவிலும் ஒரு 'அல்ல' இருப்பதால் பொருத்தம்தான்.

மேலே உள்ள கோப்பில் 'போட்' என்பதைத் திருத்தி, 3.10-க்கு மேற்கோள் குறி போட்டு, ஸ்கீமாவோடு ஒப்பிட்டால் சோதனை தாண்டிவிடும். சேவை உண்மையில் 8081-இல் ஓடிக்கொண்டிருந்தாலும் தாண்டும். கோப்பு செல்லும், எண்தான் தப்பு.