கூலிங் பேட் வாங்கும் முன் லேப்டாப்பைக் கவிழ்த்துப் பாருங்கள்

போன கோடையில் சேலம் பக்கத்து இளம்பிள்ளையிலிருந்து ஒரு தம்பி என் லேப்டாப் சர்வீஸ் கடைக்கு வந்தார். சேலைக்கு டிசைன் போட்டுக் கொடுப்பவர். தறிக்கூடத்தை ஒட்டிய சின்ன அறையில்தான் வேலை. லேப்டாப்போடு புதிதாக வாங்கிய கூலிங் பேடையும், அதாவது லேப்டாப்புக்குக் கீழே வைக்கும் ஃபேன் தட்டையும், எடுத்து வந்திருந்தார். "அண்ணா, உள்ளயும் ஃபேன் ஓடுது, கீழயும் அஞ்சு ஃபேன் ஓடுது. அப்பவும் கை வைக்க முடியலயே" என்றார்.

கழற்றிப் பார்த்தேன். ஃபேனுக்கும், சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகளான ஹீட்சிங்க்குக்கும் நடுவில் பஞ்சு படிந்து, கம்பளித் துண்டு மாதிரி ஒரே தகடாக நின்றது. இடுக்கியால் பிடித்து இழுத்தபோது முழுசாகக் கையோடு வந்தது. கழற்றும் முன் அவருடைய டிசைன் மென்பொருளை ஓட்டிப் பார்த்ததில் பிராசசர் 97 டிகிரியில் நின்றது. சுத்தம் செய்து, பிராசசரின் சூட்டை ஹீட்சிங்க்குக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்டையும் மாற்றியதும் அதே வேலைக்கு 82. அதற்குப் பிறகு அவருடைய கூலிங் பேட் மேல் வைத்து ஓட்டினேன், 78. அவர் கடையில் காசு கொடுத்து வாங்கி வந்தது கடைசி 4 டிகிரியைத்தான்.

இதை எழுதக் காரணம் அந்த 4 டிகிரிதான். கூலிங் பேட் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எந்த லேப்டாப்புக்கு அது உதவும், எதற்கு உதவாது என்று தெரியாமலே வாங்குகிறவர்கள்தான் என் மேசைக்கு அதிகம் வருகிறார்கள்.

முதலில் நம் சேலத்துக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி, தாரமங்கலம், ஜலகண்டாபுரம் என்று விசைத்தறி ஓடும் இடங்களிலிருந்து வரும் லேப்டாப்பில் பஞ்சு இருக்கும். மாக்னசைட் சுரங்கப் பக்கத்து வீடுகளிலிருந்து வருவதில் மாவு மாதிரி வெள்ளைத் தூசு. பஞ்சு ஹீட்சிங்க்கின் வாயை அடைக்கும், தூசு ஃபேனின் இறக்கைகளில் ஒட்டிச் சுழற்சியைக் கெடுக்கும். அடைத்த வாய்க்குக் கீழே கூலிங் பேடை வைத்தால், தரையிலிருந்து இன்னும் கொஞ்சம் தூசியை ஊதி உள்ளே அனுப்புகிறோம், அவ்வளவுதான். தறிக்கூடத்துப் பக்கம் வேலை செய்கிறவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை உள்ளே சுத்தம் செய்துவிடுங்கள். மற்றவர்களுக்கு வருஷத்துக்கு ஒருமுறை போதும்.

அடைப்பு இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். ஃபேன் கத்தும்போது பக்கவாட்டிலோ பின்னாலோ உள்ள காற்று வெளியேறும் துளையில் கையை வையுங்கள். சத்தம் பெரிதாக இருந்து காற்று மட்டும் மெல்ல வந்தால் உள்ளே அடைப்புதான். ப்ளோயர் வைத்து நீங்களே ஊதுவதாக இருந்தால் லேப்டாப்பை அணைத்துவிட்டு, ஃபேன் சுற்றாதபடி ஒரு பல்குத்தும் குச்சியால் நிறுத்திக்கொண்டு ஊதுங்கள். ப்ளோயர் வேகத்தில் ஃபேன் சுற்றினால் பேரிங் போய்விடும். அப்படிப் போன ஃபேன்களை மாதம் ஒன்றாவது மாற்றுகிறேன்.

சூடு ஏறினால் என்ன ஆகும்? பெரும்பாலான லேப்டாப் பிராசசர்கள் 95 முதல் 100 டிகிரிக்குள் தங்களைத் தாங்களே காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். பயன்படுத்துகிறவருக்கு அது 'சிஸ்டம் ஸ்லோ' என்று தெரியும். ரேம் மாற்றச் சொல்லி வருவார்கள். ரேமில் ஒரு குறையும் இருக்காது.

சரி, சுத்தம் செய்தாகிவிட்டது, இன்னும் சூடு. இப்போது கூலிங் பேடைப் பற்றி யோசிக்கலாம். அதற்கும் முன்னால் செலவில்லாத ஒரு சோதனை. லேப்டாப்பைக் கவிழ்த்துப் பாருங்கள். காற்று உள்ளே போகும் துளைகள் அடியில் இருக்கின்றனவா, எந்தப் பக்கம் இருக்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஹெச்.டபிள்யூ மானிட்டர் மாதிரி ஒரு இலவச மென்பொருளைப் போட்டு, வழக்கமான வேலையை அரை மணி நேரம் ஓட்டி வெப்பத்தைப் பாருங்கள். அடுத்து, பின்பக்க ரப்பர் கால்களுக்குக் கீழே இரண்டு தண்ணீர் பாட்டில் மூடிகளை வைத்து அதே வேலையை அரை மணி நேரம் ஓட்டுங்கள். இரண்டு மூன்று டிகிரி இறங்கினால் உங்கள் லேப்டாப் அடியிலிருந்து காற்றுக்கு ஏங்குகிறது, கூலிங் பேட் கைகொடுக்கும். ஒரு டிகிரிகூட அசையவில்லை என்றால் பேட் வாங்கினாலும் பெரிய மாற்றம் இருக்காது. மூடிக்கே நன்றாக இறங்கியதென்றால் ஃபேன் இல்லாத சாதாரண ஸ்டாண்டே போதும். சத்தமும் இல்லை, கரண்டும் வேண்டாம். கல்லூரி மாணவர்கள் பலருக்கு நான் அதைத்தான் வாங்கச் சொல்கிறேன்.

அடியில் துளையே இல்லாத லேப்டாப்புகளும் உண்டு. 2020இல் எம்1 சிப்போடு வந்த மேக்புக் ஏரிலிருந்து அந்த வரிசையில் ஃபேனே கிடையாது. அதற்குக் கீழே காற்று அடித்தால் அலுமினிய உடம்பு கொஞ்சம் குளிரும், அதைத் தாண்டிப் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்.

ஃபேன் உள்ள பேட்தான் வேண்டும் என்றால் கடையில் எண்ணிக்கையைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஐந்து ஆறு சின்ன ஃபேன்கள் அதிகச் சத்தம் போட்டுத் தரும் காற்றை, 120 அல்லது 140 மில்லிமீட்டர் அளவுள்ள இரண்டு பெரிய ஃபேன்கள் அமைதியாகத் தந்துவிடும். முக்கியம், அந்த ஃபேன் உங்கள் லேப்டாப்பின் துளைக்கு நேர் கீழே வர வேண்டும். நடுவில் ஒரே பெரிய ஃபேன் உள்ள பேடை வாங்கி, துளை இரண்டும் பின் ஓரத்தில் இருந்தால் காற்று பிளாஸ்டிக்கில்தான் மோதும். கடைக்குப் போகும்போது லேப்டாப்பையும் எடுத்துப் போங்கள், மேலே வைத்துப் பாருங்கள். பேடை ஓடவிட்டு ஒரு துண்டு டிஷ்யூ பேப்பரை மேலே பிடியுங்கள். பேப்பர் மேலே பறக்க வேண்டும். கீழே இழுத்தால் அந்த ஃபேன், லேப்டாப்பின் சொந்த ஃபேனோடு மல்லுக்கட்டும்.

சுற்றிலும் ஸ்பாஞ்ச் வைத்து, காற்று வெளியே சிதறாமல் லேப்டாப்புக்குள்ளேயே தள்ளும் பேட்களும் வருகின்றன. கேமிங் லேப்டாப்புக்கு நான் பார்த்தவரை அவைதான் நன்றாக வேலை செய்கின்றன. ஆனால் சத்தம் அதிகம், தூசி வடிகட்டி இல்லாவிட்டால் நம் ஊருக்கு ஆகாது.

கரண்ட் விஷயமும் உண்டு. யுஎஸ்பி 2.0 போர்ட் 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர், அதாவது 2.5 வாட் தரும். 3.0 போர்ட் 4.5 வாட். லைட்டும் ஆறு ஃபேனும் உள்ள பேடைப் பழைய லேப்டாப்பின் போர்ட்டில் சொருகுவதை விட, வீட்டில் சும்மா கிடக்கும் 5 வோல்ட் மொபைல் சார்ஜரில் சொருகுவது நல்லது. ஸ்பாஞ்ச் வகைப் பேட்கள் சிலவற்றுக்குத் தனி அடாப்டரே வரும், அதைத்தான் பயன்படுத்த வேண்டும்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். கூலிங் பேட் ஏசி இல்லை. அறையில் இருக்கும் காற்றைத்தான் அது ஊதும். மே மாத மத்தியானம் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே அறையே 40 டிகிரியில் இருந்தால், உள்ளே போவதும் 40 டிகிரிக் காற்றுதான். அந்த நேரத்தில் கனமான வேலையைக் காலைக்கோ இரவுக்கோ தள்ளுவது எந்தப் பேடையும் விடப் பலன் தரும். சூடு தாங்காமல் தண்ணீர் ஊற்றும் ஏர் கூலரை லேப்டாப்புக்கு நேராகத் திருப்பி வைக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ஈரக்காற்றும் உள்ளே இருக்கும் தூசியும் சேர்ந்து போர்டில் பசை மாதிரி படிந்து, பிறகு துருவேறிக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். ஈரத்துணி, ஐஸ் பாக்கெட் எல்லாம் அதைவிட மோசம்.

ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் அலுவலகத்திலிருந்து அழைத்தார்கள். மேலே சுமார் 1,500 மீட்டர் உயரம், சேலத்தை விட ஏழெட்டு டிகிரி குறைவு, அங்கேயும் லேப்டாப் கொதிக்கிறது என்றார்கள். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய்ப் பார்த்தால், காற்று வெளியேறும் துளையில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. பனிக்காலம் முழுக்க மூடியே வைத்திருந்த லேப்டாப் அது. கூட்டை எடுத்ததும் சரியாகிவிட்டது. வாங்கி வைத்திருந்த கூலிங் பேடைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னேன்.

கடைசியாக ஒன்று, இது அவசரம். சூட்டோடு சேர்ந்து டச்பேட் மேலே எழும்பியிருந்தாலோ, மேசையில் வைத்தால் லேப்டாப் ஆடினாலோ, பேட்டரி உப்பியிருக்கிறது என்று பொருள். அதற்குக் கூலிங் பேட் தேடாதீர்கள். சார்ஜரைக் கழற்றுங்கள், லேப்டாப்பை அணையுங்கள், மேலே அழுத்தாமல் அப்படியே எடுத்துக்கொண்டு அன்றைக்கே பக்கத்திலுள்ள சர்வீஸ் கடைக்கு வாருங்கள்.