வால் ஸ்ட்ரீட்டில் வீடு பார்க்கிறீர்களா? முதலில் ஜன்னலைப் பாருங்கள்

நியூயார்க்கில் வேலை கிடைத்து வரும் நம்மவர்கள் சிலர், "வால் ஸ்ட்ரீட் பக்கம் வீடு எடுக்கலாமா?" என்று கேட்கிறார்கள். தாராளமாக எடுக்கலாம். ஆனால் பழைய அலுவலகங்களை வீடாக மாற்றும் தொழிலில் இருக்கும் கட்டடக் கலைஞன் என்ற முறையில் சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன்.

பங்குச் சந்தை இன்னும் அங்கேதான் இருக்கிறது. ஆனால் பெரிய வங்கிகள் பலவும் மன்ஹாட்டனின் நடுப்பகுதியான மிட்டவுன் பக்கம் போய்விட்டன. காலியாகிக்கொண்டிருந்த அலுவலகக் கோபுரங்களை நிரப்ப 1995இல் 421-ஜி என்ற வரிச்சலுகை வந்தது. அலுவலகத்தை வீடாக்கினால் சொத்துவரி குறைந்தது. கூட்டம் வந்தது, பின்னாலேயே கடைகளும் வந்தன. 1931இல் இர்விங் டிரஸ்ட் வங்கிக்காகக் கட்டிய வால் ஸ்ட்ரீட் 1-ஆம் எண் கட்டடத்தில் இன்று 566 வீடுகள். கீழே 2025இல் பாரிஸின் பிரான்தாம் பேரங்காடி திறந்தது. வங்கியின் வரவேற்பறையாக இருந்த, சிவப்பும் தங்கமுமாக மொசைக் பதித்த கூடத்தில் செருப்பு விற்கிறார்கள். பூட்டி வைப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

சரி, வீட்டுக்கு வருவோம். அலுவலகத் தளம் அகலமானது. நடுவில் லிஃப்ட், சுற்றிலும் மேசைகள். வெளிச்சம் விளிம்பில்தான். நியூயார்க் விதிப்படி ஆள் வசிக்கும் அறைக்கு ஜன்னல் வேண்டும். அறையின் எந்த மூலையும் ஜன்னலிலிருந்து 30 அடிக்கு மேல் தள்ளி இருக்கக் கூடாது. அதனால் நடுப்பகுதியில் மிஞ்சும் இடத்தை 'ஹோம் ஆபீஸ்' என்று விளம்பரத்தில் போடுவார்கள். அதில் கட்டில் போட்டுக் குழந்தையைப் படுக்க வைக்காதீர்கள். சட்டப்படி அது படுக்கையறை இல்லை.

வாட்டர் ஸ்ட்ரீட் 25-ஆம் எண் கட்டடம் இதற்கு நல்ல உதாரணம். 1960களின் கடைசியில் கட்டியது, கோட்டைச் சுவர் போல இடுக்கு ஜன்னல்கள். சுமார் 1,300 வீடுகளாக மாற்றும்போது உள்ளே இரண்டு இடங்களில் மேலிருந்து கீழ்வரை குடைந்து முற்றம் வைத்தார்கள். குடைந்ததில் போன பரப்பை மேலே 10 தளங்களாக ஏற்றிக் கட்டினார்கள். முற்றத்தைப் பார்த்த வீடு வருகிறது என்றால், கீழ்த்தளமா மேல்தளமா என்று கேளுங்கள். நண்பகலில் நேரில் போய், விளக்கை அணைத்துவிட்டு நின்று பாருங்கள்.

2012இல் சாண்டி புயலின்போது கடல் ஏறிய பகுதி இது. ஜெனரேட்டரும் மின்பலகையும் இன்னும் அடித்தளத்திலா, மேலே ஏற்றியாயிற்றா என்பதையும் விசாரியுங்கள்.

அடுத்தது வாடகை. 421-ஜி சலுகை வாங்கிய கட்டடங்களின் வாடகை வீடுகள், சலுகைக் காலத்தில் வாடகைக் கட்டுப்பாட்டில் வந்தன. வாடகை ஒரு வரம்பைத் தாண்டிவிட்டதால் கட்டுப்பாடு இல்லை என்று உரிமையாளர்கள் வாதாடினார்கள். மாநிலத்தின் உச்சபட்ச நீதிமன்றம் 2019இல் அதை ஏற்கவில்லை. ஆனால் முதல் வாடகையைச் சந்தை விலைக்கே வைக்க முடிந்ததால், கட்டுப்பாடு என்றதும் மலிவு என்று நினைத்துவிடாதீர்கள். பயன் என்னவென்றால், ஆண்டு உயர்வுக்கு வரம்பு உண்டு, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் உரிமையும் உண்டு. சலுகை முடிந்த கட்டடங்களில் கதை வேறு. நீங்கள் எப்போது குடிவந்தீர்கள், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதை வழக்கறிஞரிடம் காட்டுவதே நல்லது. குடியேறியதும் மாநில வீட்டுவசதித் துறையிடம் உங்கள் வீட்டின் வாடகை வரலாற்றைக் கேட்டு வாங்குங்கள். கட்டணம் கிடையாது.