தேம்ஸ் கரை அரங்கத்தில் முழக்கத்தை நீட்டிய 172 மைக்குகள்

லண்டனில் தேம்ஸின் தென்கரையில் இருக்கிறது ராயல் ஃபெஸ்டிவல் ஹால் என்ற இசையரங்கம். 1951-இல் திறந்தார்கள். பக்கத்திலேயே ஹங்கர்ஃபோர்ட் பாலம், அதில் சேரிங் கிராஸ் ரயில்கள் தடதடத்தபடியே இருக்கும், நிலத்தடியில் சுரங்க ரயில் வேறு. அதனால் கட்டடக் கலைஞர் லெஸ்லி மார்ட்டின் குழுவினர் அரங்கத்தைப் பெட்டிக்குள் வைத்த முட்டை மாதிரி உயரத் தூக்கி நிறுத்தி, கீழேயும் சுற்றிலும் கூடங்களையும் படிக்கட்டுகளையும் அமைத்தார்கள். வெளிச்சத்தம் இத்தனையையும் தாண்டித்தான் உள்ளே வர முடியும்.

சரி, வெளிச்சத்தம் அடங்கியது. உள்ளே இசை வறண்டு கேட்டது, அதுதான் சிக்கல். வாசிப்பு நின்ற பிறகும் சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலி சற்று நேரம் நிற்கும். அது பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறைய எடுக்கும் நேரம்தான் முழக்க நேரம். அரங்கத்தின் கன அளவு கூடினால் இது நீளும், ஒலியை உறிஞ்சும் பரப்பு கூடினால் குறையும் என்று கணக்குப் போட்டுக் காட்டியவர் அமெரிக்க இயற்பியலர் வாலஸ் சபைன். இங்கே கன அளவு சுமார் 22,000 கன மீட்டர், உட்காருபவர்களோ ஏறத்தாழ 3,000 பேர். மனித உடலும் உடையும் ஒலியை நன்றாகவே உறிஞ்சும். மெல்லிய மரப்பலகைகள் தாழ்ந்த சுருதிகளோடு சேர்ந்து அதிர்ந்து அவற்றின் ஆற்றலையும் விழுங்கின. பெரிய ஆர்கெஸ்ட்ராவுக்கு 2 விநாடியாவது வேண்டும், கிடைத்ததோ 1.5 விநாடிக்குப் பக்கம்.

1964-இல் ஒலியியல் வல்லுநர் பீட்டர் பார்கின் செய்த தீர்வு எனக்கு இன்றும் பிரமிப்பு. மைக்கில் பிடித்து ஸ்பீக்கரில் விட்டால் போதாதா? போதாது. ஸ்பீக்கர் ஒலி மறுபடி மைக்குக்குள் போய், எந்தச் சுருதி முதலில் கட்டுமீறுகிறதோ அது 'கீய்ங்' என்று ஊளையிட்டுவிடும். அதனால் அவர் வேலையை 172 தடங்களாகப் பிரித்தார், ஒவ்வொன்றுக்கும் தனி மைக், தனி ஸ்பீக்கர். கூரையில் வைத்த மைக்குகளை ஒத்ததிர்வுக் கலங்களுக்குள் (ஒரு குறிப்பிட்ட சுருதிக்கு மட்டும் சேர்ந்து அதிரும் கலங்கள்) பொருத்தியதால், 58 முதல் 700 ஹெர்ட்ஸ் வரையான வீச்சில் ஒவ்வொன்றும் தன் சுருதியை மட்டுமே கேட்கும். ஊளையிடும் எல்லைக்குச் சற்றுக் கீழே ஒலியளவை நிறுத்தினால், அந்தச் சுருதி உடனே சாகாமல் மெல்லத் தேயும். தாழ்சுருதிகளின் முழக்கம் இப்படித்தான் 2 விநாடியைத் தொட்டது. கேட்பவர்களுக்கு முதலில் விஷயத்தைச் சொல்லவே இல்லை!

1998-இல் இந்த மைக்-ஸ்பீக்கர் அமைப்பை அணைத்துவிட்டார்கள். அப்புறம் 2005 முதல் 2007 வரை நடந்த புதுப்பிப்பில், கூரையையும் சுவர்ப்பரப்பையும் தாழ்சுருதியை விழுங்காதபடி கெட்டியாக்கினார்கள். 1988-லேயே முதல் தரப் பாரம்பரியக் கட்டடமாக அறிவித்துவிட்டதால், பழைய தோற்றம் கெடாமல் செய்ய வேண்டியிருந்தது.