அந்த மஞ்சள் வாத்து ஏன் பிசுபிசுக்கிறது?

மாசி மகம் முடிந்த வாரத்தில் என்னிடம் வரும் கைக்குழந்தைகள் பலரின் கையில் புதுப் பொம்மை ஒன்று இருக்கும். கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் தார்ப்பாய் விரித்துப் போட்ட கடைகளில் வாங்கியது. அப்படி வந்த ஒன்பது மாதப் பையன் ஒருவன், ஈறு ஊறலில் ஒரு மஞ்சள் வாத்தின் அலகை விடாமல் கடித்துக்கொண்டிருந்தான். வாங்கிப் பார்த்தேன். எச்சில் படாத முதுகுகூட விரலில் ஒட்டியது.

"கழுவித்தான் கொடுக்கிறேன் டாக்டரம்மா. எத்தனை முறை கழுவினாலும் பிசுக்குப் போகவில்லை" என்றார் பாட்டி.

போகாது. அது உள்ளேயிருந்து வருகிறது. பி.வி.சி. இயல்பில் கெட்டியான பிளாஸ்டிக். நம் வீட்டுத் தண்ணீர்க் குழாய் அதில் செய்ததுதான். அதையே பிழிந்தால் அமுங்கும் வாத்தாக்க எண்ணெய் போன்ற ஒரு திரவத்தைக் கலக்கிறார்கள். விலை மலிவு என்பதால் நெடுங்காலமாகப் பயன்பட்டுவந்தவை தாலேட் வகை வேதிப்பொருட்கள். மெத்தென்ற பொம்மையின் எடையில் 30 சதவீதத்துக்கு மேலும் அவை இருக்கலாம். பிளாஸ்டிக்கோடு அவை வேதிப் பிணைப்பில் சேர்வதில்லை. வெயிலிலும் கடியிலும் எச்சிலிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துவிடும். அவற்றுக்குப் பெரிதாக வாசனையும் கிடையாது. ஆகவே முகர்ந்து பார்த்து 'நல்ல பொம்மை' என்று முடிவு கட்ட வேண்டாம்.

"அப்படியானால் விஷமா?" என்று பையனின் அம்மா கேட்டார். இதற்கு ஒரு கணக்குப் போட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும். டி.இ.எச்.பி. உள்ளிட்ட நான்கு தாலேட்டுகளுக்குச் சேர்த்து, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 50 மைக்ரோகிராம் (ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோகிராம்) என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019இல் வரம்பு வைத்தது. விலங்கு ஆய்வுகளில் கருவிலிருக்கும் ஆண் குட்டியின் ஹார்மோனும் இனப்பெருக்க உறுப்பு வளர்ச்சியும் பாதிக்கப்பட்டதை வைத்து வந்த வரம்பு இது. எட்டுக் கிலோப் பையனுக்கு 400 மைக்ரோகிராம். நாற்பது கிராம் வாத்தில் 30 சதவீதம் தாலேட் என்றால் 12 கிராம், அதாவது அவனுடைய ஒரு நாள் வரம்பைப் போல முப்பதாயிரம் மடங்கு! ஆனால் எச்சிலில் கரைந்து வயிற்றுக்குப் போவது அதில் மிகச் சிறிய பங்குதான். எவ்வளவு நேரம் சப்புகிறான், எவ்வளவு அழுத்திக் கடிக்கிறான் என்பதே ஆபத்தைத் தீர்மானிக்கிறது. உணவிலும் வீட்டுத் தூசியிலும் தாலேட் ஏற்கெனவே உடலுக்குள் போகிறது. அதோடு இதுவும் சேர்கிறது. ஒரு நாள் கடித்ததால் ஒன்றும் ஆகிவிடாது. மாதக்கணக்கில் தினமும் கடிப்பதைத்தான் நிறுத்த வேண்டும். அலமாரியில் இருக்கும் பொம்மைக்காக நான் பதறுவதில்லை.

இரத்தப் பரிசோதனை கேட்பவர்களுக்கு நான் எழுதித் தருவதில்லை. உள்ளே போனதில் பெரும்பகுதி ஓரிரு நாளில் சிறுநீரோடு வெளியேறிவிடும். பொம்மையை நிறுத்துவதே சிகிச்சை.

ஐரோப்பா 1999இல் தற்காலிகமாகவும் 2005இல் நிரந்தரமாகவும் பொம்மைகளில் தாலேட்டுகளைக் கட்டுப்படுத்தியது; 2005 விதியில் மூன்று தாலேட்டுகள், 2020 முதல் நான்கு, எந்தப் பொம்மையிலும் 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்கு உட்பட்டோரின் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மின்சாரம் இல்லாத பொம்மையில் முத்திரையோடு ஐ.எஸ். 9873 என்ற தர எண்ணும், சி.எம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் சரிபார்க்கலாம். 'நச்சற்றது' என்ற வெறும் ஸ்டிக்கரை நான் நம்புவதில்லை. புவிசார் குறியீடு பெற்ற புதுச்சேரி வில்லியனூர் சுடுமண் பொம்மைகள் போன்றவற்றுக்கு விதிவிலக்கு உண்டு. முத்திரை இல்லையே என்று அவற்றை ஒதுக்க வேண்டாம். ஆனால் சாயம் பூசிய எதுவும் குழந்தையின் வாய்க்குப் போகக் கூடாது.

ஈறு ஊறலுக்குச் சுத்தமான பருத்தித் துணியை நனைத்துக் குளிரவைத்துக் கொடுக்கச் சொன்னேன். கேரட் துண்டு வேண்டாம், தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

"இதை இன்றைக்கே குப்பையோடு கொளுத்திவிடுகிறேன்" என்று பாட்டி வாத்தைப் பைக்குள் திணித்தார். கையைப் பிடித்து நிறுத்தினேன். பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு, டயாக்சின் என்ற நச்சுப் பொருட்கள் புகையில் வரும். அதைச் சுவாசிப்பவனும் இதே பேரன்தான். நகராட்சி வண்டி வரும்போது மக்காத குப்பையில் போடச் சொன்னேன். எதிர்வீட்டுக் குழந்தைக்குக் கொடுத்துவிட வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினேன்.