பதப்படுத்தும் நொதியா, ஆயும் நொதியா?

"கடத்து ஆர்.என்.ஏ.வைப் பதப்படுத்தும் நொதிகள்." இந்தத் தொடர் மூன்றாவது முறையாக என் கண்ணில் பட்டது மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில். அக்கா மகள் உயிர்த்தொழில்நுட்பம் படிக்கிறாள். தமிழில் அறிவியல் பேசும் நிகழ்ச்சி ஒன்றுக்குப் படவில்லைகள் (ஸ்லைடுகள்) தயாரித்துவிட்டு, "மாமா, தமிழ் சரியா இருக்கான்னு பாருங்க" என்று மடிக்கணினியை என் பக்கம் திருப்பினாள். ஆங்கில 'பிராசஸிங்'குக்குப் பதப்படுத்தும் என்பதை எங்கே பிடித்தாய் என்றேன். இணையத்தில் எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்களாம். கடத்து ஆர்.என்.ஏ. (டிரான்ஸ்ஃபர் ஆர்.என்.ஏ.) என்பது, புரதத்தின் கட்டுமானப் பொருளான அமினோ அமிலத்தை உயிரணுவுக்குள் சுமந்துபோகும் சிறு மூலக்கூறு.

நொதி என்ற சொல்லில் எனக்குக் குறையில்லை. 1870களில் ஜெர்மானியரான வில்ஹெல்ம் கியூனே 'என்சைம்' என்ற சொல்லை ஆக்கினார். 'புளிமாவுக்குள்' என்று பொருள் தரும் கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. நாமும் மாவும் கள்ளும் நொதிப்பதைப் பார்த்துத்தான் நொதி என்றோம். இலங்கையில் நொதியம் என்பார்கள். இங்கே மலாயில் என்சிம். அவ்வளவுதான் கதை.

தகராறு பதப்படுத்துதலில்தான். இதை ஆதரிப்பவர்களிடம் வலுவான ஒரு வாதம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. பதம் என்றால் ஏற்ற நிலை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். ஆகவே பதப்படுத்துதல் என்றால் ஏற்ற நிலைக்குக் கொண்டுவருதல். அகராதிப்படி சரி. ஆனால் கடைக்குப் போய்ப் பாருங்கள். பதப்படுத்திய மீன், பதப்படுத்திய பழம், பதப்படுத்திய தோல், பதப்படுத்திய மரம் எல்லாவற்றிலும் ஒரே பொருள்தான்: இனிமேல் இது கெடாது, மாறாது, கிடந்தபடி கிடக்கும். சொல் எப்போதோ அந்தப் பக்கம் போய்விட்டது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது இன்னும் உறைக்க வேண்டும். செம்பனைக் குலை அடிபட்டால் பழத்திலுள்ள லைப்பேஸ் என்ற நொதி எண்ணெயைச் சிதைக்கத் தொடங்கிவிடும். கொழுப்பமிலம் ஏறி எண்ணெயின் தரம் இறங்கும். அதனால்தான் ஆலைக்கு வந்ததும் முதல் வேலையாகக் குலைகளை நீராவியில் வேகவைக்கிறார்கள். நொதியின் கதை அங்கேயே முடிந்தது. பதப்படுத்துவது என்றால் நொதியை அடக்குவது என்று பார்த்து வளர்ந்த பிள்ளையிடம் போய் 'பதப்படுத்தும் நொதி' என்றால், அது என்னதான் நினைக்கும்?

சரி, உயிரணுவுக்குள் நடப்பது என்ன? மரபணுவிலிருந்து படியெடுக்கப்பட்டதும் இந்த ஆர்.என்.ஏ. வேலைக்கு ஆகாது. தலைப்பக்கம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், வால்பக்கமும் இருக்கும். சிலவற்றில் நடுவிலும் வேண்டாத துண்டு ஒன்று இருக்கும். தலைப்பக்கத்தை ரிபோநியூக்ளியேஸ் பி வெட்டுகிறது, வால்பக்கத்தை ரிபோநியூக்ளியேஸ் இசட். பாக்டீரியாவில் அந்த 'பி' நொதியின் வெட்டும் பகுதியே ஓர் ஆர்.என்.ஏ.தான். ஆர்.என்.ஏ.வும் நொதி வேலை செய்யும் என்று காட்டியதற்காகத்தான் சிட்னி ஆல்ட்மனுக்கும் தாமஸ் செக்குக்கும் 1989இல் வேதியியல் நோபல் கிடைத்தது. தலைப்பக்கத்தை வெட்டும் இந்த வேலைக்குத் தாவரம் வேறு ஆளை வைத்திருக்கிறது. அரபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் இதைச் செய்பவை ஆர்.என்.ஏ. துணையே இல்லாத மூன்று புரதங்கள். ஒன்று பசுங்கணிகத்துக்கும் (குளோரோபிளாஸ்ட்) இழைமணிக்கும் (மைட்டோகாண்ட்ரியா) பொது, மற்ற இரண்டும் உட்கருவில். இப்படி வெட்டித் திருத்தியபின் ஏறக்குறைய 76 எழுத்துகளோடு, அதாவது வேதி அலகுகளோடு, நிற்கும் ஆர்.என்.ஏ.தான் அமினோ அமிலத்தைச் சுமக்கப் புறப்படுகிறது. வேலை முடிந்து கிடப்பதல்ல, வேலைக்குக் கிளம்புவது. பதப்படுத்துதலுக்கு நேர் எதிர்.

இதற்குள் அக்கா எதிரே வந்து உட்கார்ந்து, பழைய நாளிதழை விரித்து, சம்பாலுக்கு நெத்திலியைக் கொட்டினார். தலையைக் கிள்ளி ஒரு பக்கம், குடலை நகத்தால் வழித்து அதே பக்கம், மீனை மட்டும் கிண்ணத்தில்.

"அம்மா என்ன செய்றாங்க?" என்றேன்.

"நெத்திலி ஆயுறாங்க."

அதேதான். கீரை ஆய்கிறோம், பூ ஆய்கிறோம், மீன் ஆய்கிறோம். வேண்டாததைக் கிள்ளி எறிந்து வேண்டியதை எடுக்கிறோம். தொல்காப்பியம் ஓய்தல், ஆய்தல், நிழத்தல், சாய் நான்கையும் சேர்த்து 'உள்ளதன் நுணுக்கம்' என்கிறது. இருப்பதே இன்னும் நுண்ணியதாவது. நீண்ட ஆர்.என்.ஏ. குறுகிச் செம்மையாவதற்கு இதைவிடப் பொருந்தும் சொல்லை நான் பார்க்கவில்லை. சமையலறையில் புழங்கும் சொல் அறிவியலுக்கு ஆகாது என்று மொழிபெயர்ப்பாளர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ! ஆங்கிலச் சொல்லைப் பார்த்ததும் அகராதியைத் திறந்து முதல் வரியில் இருப்பதை எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். அந்த நொதி என்ன செய்கிறது என்று ஒரு நிமிடம் கேட்பதில்லை. 'செயலாக்க நொதி' என்று எழுதும் இன்னொரு கூட்டமும் உண்டு. எந்த நொதிதான் செயலாக்கவில்லை?

ஒரு சங்கடம் உண்டு. 'ஆய்நொதி' என்று சேர்த்து எழுதினால் ஆராய்ச்சி நொதி என்று படிப்பார்கள். அதனால் 'ஆயும் நொதி' என்று பிரித்தே எழுதச் சொன்னேன்.

அக்கா மகள் விடவில்லை. "வெட்டுனதுக்கு அப்புறம் வால்ல சி, சி, ஏ-ன்னு மூணு எழுத்தைச் சேர்க்குதே, அதுவும் ஆயுறதா?"

இல்லைதான். தாவர மரபணுவில் அந்த மூன்றெழுத்து எழுதப்பட்டிருக்காது; தனி நொதி ஒன்று வந்து சேர்க்கிறது. அமினோ அமிலம் வந்து உட்காருவதும் அந்த நுனியில்தான். நடுத்துண்டை வெட்டியபின் இரு முனைகளையும் இணைக்கவும் ஒரு நொதி வேண்டும். ஆய்தலுக்குள் இவை அடங்கா. ஒரே சொல்லில் எல்லாவற்றையும் திணிக்கும் ஆசையில்தானே பதப்படுத்துதல் வந்தது. இவற்றுக்கு 'ஒட்டும் நொதி' என்றேன்.

'கடத்து' மட்டும் அப்படியே நிற்கிறது. நம் நாளிதழ்களில் கடத்தல் என்றால் சிகரெட்டும் ஆளும்தான் என்று சொல்லிப் பார்த்தேன். "மாமா, பாடப்புத்தகத்துலயே அப்படித்தான் இருக்கு" என்றாள். படவில்லையின் தலைப்பு இப்போது இது: 'கடத்து ஆர்.என்.ஏ.: ஆயும் நொதிகள், ஒட்டும் நொதிகள்'.