மாறுகண் வளர வளரச் சரியாகுமா?

மாறுகண் அதிர்ஷ்டம், வளர வளரச் சரியாயிரும் என்ற பேச்சு மலையகத் தோட்டங்களில் இன்னும் இருக்கிறது. பிறந்து மூன்று, நான்கு மாதம் வரை கண் அவ்வப்போது விலகுவது வழமைதான். அதற்குப் பிறகும் விலகினால் காத்திருக்கக் கூடாது. அந்த வயதில் கண் மட்டும் வளரவில்லை. கண் அனுப்பும் சேதியை வாங்குகிற மூளை நரம்புகளும் வளர்கின்றன.

1960களில் ஹியூபெல், வீசல் என்ற இரு மூளை ஆய்வாளர்கள் பூனைக்குட்டிகளின் ஒரு கண் இமையைத் தைத்து மூடினார்கள். பிறகு திறந்தபோது மூளையின் பார்வைப் பகுதியில் அந்தக் கண்ணுக்குப் பதிலளிக்கும் கலங்கள் அநேகமாக இல்லை; மற்றக் கண்ணின் இணைப்புகள் அந்த இடத்தையும் பிடித்திருந்தன. வளர்ந்த பூனையில் இப்படி நடக்கவில்லை. 1981இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பிள்ளையிலும் இதுதான் நடக்கிறது. விலகிய கண்ணின் படத்தை மூளை ஒதுக்க ஒதுக்க, இணைப்பு மெலிகிறது. இதுவே சோம்பல் கண். ஒரு கண்ணில் மட்டும் கண்ணாடிப் பவர் கூடினாலும் வரும். அது இன்னும் மோசம்: பிள்ளை நல்ல கண்ணால் ஓடி விளையாடும், யாருக்கும் தெரியாது.

லயத்து அறை இருட்டு. பிள்ளையை இஸ்தோப்புக்கு (முன்திண்ணைக்கு) கொண்டுவந்து மடியில் வையுங்கள். ஒரு கண்ணை உள்ளங்கையால் மறைத்து, பிடித்த சாமானைக் காட்டுங்கள். பிறகு மற்றதை மறையுங்கள். ஒரு பக்கம் மறைக்கும்போது மட்டும் அழுது கையைத் தட்டிவிட்டால் மற்றக் கண் மங்கலாயிருக்கலாம்; மிட்வைப்பிடம் சொல்லி கண் கிளினிக்குக்குக் கடிதம் வாங்குங்கள். பிளாஷ் போட்டோவில் ஒரு கண்மணி வெள்ளையாகத் தெரிந்தால் அன்றே ஆஸ்பத்திரி. பிறவிக் கண்புரையாகவோ, கண் புற்றாகவோ இருக்கலாம். ஒரு கண்ணில் அடர்ந்த பிறவிப் புரை என்றால், 6 முதல் 8 வாரத்துக்குள் எடுப்பதே நல்லது.

சோம்பல் கண்ணுக்கு முதலில் கண்ணாடி. போதாவிட்டால் நல்ல கண்ணின் மேல் ஒட்டுப்பட்டி ஒட்டி மூடுவார்கள்: நடுத்தர நிலைக்குப் பெரும்பாலும் நாளுக்கு 2 மணித்தியாலம், கடுமைக்கு 6. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒட்டினால் பலனில்லை. சீக்கிரம் தேறட்டும் என்று நேரத்தைக் கூட்டினால் நல்ல கண் மங்கலாம். தோலில் ஒட்டாமல் கண்ணாடிமேல் ஒட்டினால் பிள்ளை ஓரத்தால் பார்த்துவிடும். இதைத்தான் அதிகம் காண்கிறோம். ஏழு வயதுக்குப் பிறகு பலன் குறையும், ஆனாலும் முயலலாம்.

அம்மா கொழுந்து பறிக்கப் போனபின் பிள்ளை மடுவத்தில் (தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில்) ஒட்டுவதானால், எந்தக் கண் என்று ஆயாவிடம் எழுதிக் கொடுங்கள்.